சைபர் பத்து

"வேலை செய்யலைங்க" என்று அந்த அக்காவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். குழாய் ரிப்பேர்காரராக இருந்தாலும் சரி, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியராக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே மரியாதை, ஒரே விசாரணை.

"வேலை செய்யலைங்கறது ஒரு சேதியே இல்லீங்க. என்ன செஞ்சீங்க? என்ன வரும்னு நெனச்சீங்க? என்ன வந்துச்சு? இந்த மூணை மட்டும் சொல்லுங்க, போதும்."

அடுத்தவரைத்தான் இப்படிப் படுத்துவார் என்று நினைத்துவிட வேண்டாம். தனக்கு ஒரு சிக்கல் வந்தாலும் அவர் இதே மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார். குன்னூர் பஜாரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் அவர் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்க, உளுந்து போட்டு மூணாம் நம்பர்ல வெச்சா நின்னுருது. ரெண்டுல வெச்சா ஓடுது. வெறும் ஜாரை மாட்டி மூணுல வெச்சாலும் ஓடுது. சட்னிக்கு ஓடுது. அப்ப பாரம் ஏறுனாத்தான் சிக்கலுங்க. ஜாரை மாத்தியும் பாத்துட்டேன், அப்பவும் அப்படித்தான்."

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தார். "மிச்சத்தையும் நீங்களே பாத்துருங்கம்மா. நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

"சரீங்க, போயிட்டு வாங்க" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கிண்டல் செய்கிறார் என்பதே இவருக்கு உறைக்கவில்லை. திரும்பி வந்த கடைக்காரர், மிக்ஸி திறந்து கிடப்பதைப் பார்த்து முழித்த முழி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இணையத்தில் அவர் வெறும் இரண்டு எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவார். உலகத்தில் பாதிப் பேர் அவரை ஆண் என்று நினைத்துக்கொண்டு 'டியர் சார்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். திருத்தக் கூடாதா என்று கேட்டேன். "அவுங்க கேட்ட கேள்விக்கும் நான் பொம்பளையாங்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். அந்த இரண்டு எழுத்தைக்கூட இங்கே விட்டுவிடுகிறேன்.

அவரை நான் தேடிப் போகவில்லை. ஒரு லாரிதான் கொண்டுபோய் விட்டது.

அப்போது தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம். நான் இத்தலார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி அது. சுற்றியிருக்கிற சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் பறித்துக் கொடுக்கிற பச்சை இலையை வாங்கித் தூளாக்கும். நல்ல நாளில் இரவும் பகலும் ஓடிய இயந்திரங்கள் அப்போது வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றன. இலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவராவது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினார்கள். என் அப்பா ஊட்டியில் வைத்திருந்த மளிகைக் கடைக்கு வருகிறவர்கள்கூட, பருப்பை வாங்காமல் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "லாரி சுத்தற சுத்துல பாதி டீசல் வீணாப் போகுதுப்பா. எப்படிப் போனா கம்மியாகும்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு" என்றார்.

லாரி தினமும் காலையில் கிளம்பி, ஊர் ஊராக இலை வாங்குவதற்கு இருந்த எங்கள் பத்து சென்டர்களிலும் இலைச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு, மதியத்துக்குள் ஃபேக்டரிக்கு வந்துவிட வேண்டும். பறித்த இலை சாக்குக்குள் ரொம்ப நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

இதற்கென்று விற்கிற மென்பொருளை வாங்க ஃபேக்டரியில் வழியில்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒரு கணித மென்பொருளைப் பிடித்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். விற்கிறவர் யாரும் இல்லாததால், சந்தேகம் கேட்பதற்குக் கடையும் இல்லை. அதற்குப் பதில் மின்னஞ்சலில் நடக்கிற ஒரு மடற்குழு இருந்தது. அதில் கேள்வியை எழுதிப் போட்டால், உலகத்தில் எந்த மூலையிலிருந்தாவது மனசு வந்த யாராவது பதில் எழுதுவார்கள். சம்பளமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

சென்டர் எண்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள தூரங்களையும் அடித்துப் போட்டேன். மென்பொருள் முதல் அடியிலேயே புரியாத ஆங்கிலத்தில் ஏதோ கத்திவிட்டு நின்றுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மடற்குழுவுக்கு 'அவசரம்! வேலை செய்யவில்லை! உடனே உதவவும்!' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று ஆச்சரியக்குறியும் என்னுடையவைதான்.

மறுநாள் பதில் வந்தது. வணக்கம் கூட இல்லை. என்ன அடித்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, மூன்றையும் முழுசாக அனுப்பவும். கீழே இரண்டு எழுத்து.

உதவி கேட்டால் பரீட்சை வைக்கிறானே என்று எரிச்சலாக இருந்தது. பதில் எழுதாமல் நானே நோண்டினேன். 08, 09 என்ற இரண்டு சென்டர் எண்களைப் பார்த்துத்தான் அது கத்துகிறது என்று தெரிந்தது. அந்த இரண்டில் மட்டும் முன்னால் இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். கத்தல் நின்றது. பாதையும் வந்தது. 'சரியாகிவிட்டது, நன்றி' என்று ஒரு வரி தட்டிவிட்டேன்.

அதற்கும் பதில் வந்தது. 'எப்படிச் சரியானது? ஏன்?'

அதற்கு நான் பதில் எழுதவில்லை. சரியான பிறகு ஏன் சரியானது என்று யாராவது கேட்பார்களா? தலைவலி விட்டவன் எதற்கு விட்டது என்று ஆராய்ந்துகொண்டா இருப்பான்?

எங்கள் எண்களுக்கு முன்னால் பூஜ்யம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இலைச் சாக்குகளின் மேல் சென்டர் எண்ணைத் தகட்டு அச்சு வைத்துக் கறுப்புப் பெயின்டில் அடிப்பார்கள். எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் உண்டு. சென்டர்கள் நிறைய இருந்த காலத்தில், வெறும் ஆறு என்று அடித்தால், வேண்டாத யாராவது முன்னால் ஒரு கோடு இழுத்துப் பதினாறாம் சென்டர் சாக்காக மாற்றிவிடலாம் என்ற பயம். எந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்தார்களோ தெரியாது. பூஜ்யம் மட்டும் நின்றுவிட்டது. ஊர்க்காரர்களின் பேச்சிலும் அது சைபராக ஏறிவிட்டது. "நாங்க சைபர் மூணுங்க", "அவுங்க சைபர் ஏழுங்க" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பத்தாவது சென்டர் மலை உச்சியில் இருந்த ஒரு சின்ன ஊர். அதற்குச் சைபர் பத்து என்று பெயர்.

கம்ப்யூட்டர் கொடுத்த பாதையில் சைபர் பத்து இல்லை.

நான் அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை. அந்த ஊர் ரொம்பத் தள்ளி இருப்பதால், விட்டுவிடச் சொல்லி மெஷின் யோசனை சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நாம சொல்லத் தயங்குனத அது சொல்லிருச்சு" என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து லாரி அந்த ஊருக்குப் போவது நின்றது.

அந்த வாரமே சைபர் பத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் ஃபேக்டரிக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "லாரி வர்லீங்க" என்றார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சுங்க. இனிமே வராது. எலைய சைபர் எட்டுக்குக் கொண்டு போயி குடுங்க" என்றேன்.

"எட்டு, ரெண்டு மலை தாண்டிக் கீழ இருக்குதுங்க. சாக்கைத் தலையில வெச்சு நடந்து வந்து சேர்றதுக்குள்ள எலை வெந்துருமுங்க. லாரி வரலீன்னா நாங்க பறிக்கறதுக்கே வழியில்லீங்க." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை "லாரி வர்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்காது. அந்த இரண்டாவது தடவைதான் என்னைக் குடைந்தது. அன்றைக்கு மடற்குழுவுக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதினேன். மலை, லாரி, ஊட்டி, தேயிலை எல்லாவற்றையும் எழுதி, ஒரு ஊரை மட்டும் இது ஏன் விட்டுவிட்டது என்று கேட்டேன். ஏதோ ஒரு கண்டத்திலிருந்து பதில் வரும் என்று பார்த்தால், ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. 'நீங்க ஊட்டிங்களா? நான் குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை வாங்க. ஃபைலை எடுத்துட்டு வாங்க.' உலகத்தையெல்லாம் சுற்றிப் போன என் கேள்வி, மலைப் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கினால் வருகிற ஒரு வீட்டில் போய் விழுந்திருந்தது.

கதவைத் திறந்தவர் அவருடைய வீட்டுக்காரர். ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அக்கா அங்கே ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்து, இவருக்காக வேலையை விட்டுவிட்டு மலையேறியவர். எனக்கு நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். குவார்ட்டர்ஸின் முன்னறையில் தையல் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரிப் பூப்போட்ட உறை போட்டிருந்தது. டெலிபோன் லைனில் இணையம். ஒரு மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும்.

"ஊட்டிக்காரரு அவருதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளேயிருந்து டம்ளரோடு வந்தார். டம்ளரில் காப்பி.

"தேயிலை விலை ஏன் எறங்குச்சுன்னு இப்பத் தெரிஞ்சுதுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அது காரணமா இருக்காதுங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடியே எறங்கிருச்சு" என்றார். எந்தப் பேச்சையும் அவர் சரிபார்க்காமல் விட்டதில்லை.

"பாத்து உக்காருங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். "ஒருநாள் தலை வலிக்குதுன்னு சொல்லிப்போட்டேன். என்ன செஞ்சீங்க, என்ன தின்னீங்க, எந்தப் பக்கம், எப்ப இருந்துன்னு ஆரம்பிச்சுட்டா. பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள வலியே ஓடிப்போச்சு."

"கண்ணாடிய மாத்தோணும்னு தெரிஞ்சுதில்ல?" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் லாரிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேனேஜர் சொன்னது, டீசல், மெஷின் சொன்ன யோசனை. அவர் நடுவில் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் தோட்டக்காரர் வந்து 'லாரி வர்லீங்க' என்று சொன்னதைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"அவரு எத்தனை தடவை சொன்னாருங்க?"

"ரெண்டு தடவைங்க."

"அவரு எதிர்பாத்தது லாரி. வந்தது ஒண்ணுமில்ல. இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எழுதுனதே இல்லீங்க. பெரிய பெரிய படிப்புப் படிச்சவுங்க பக்கம் பக்கமா எழுதுவாங்க, என்ன ஆச்சுன்னே இருக்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போட்டதுல பாதிய எடுத்துருங்க" என்றார்.

"எதைங்க?"

"எதையாச்சும். சின்னதாக்குங்க. சைபர் பத்து காணாமப் போறது மட்டும் மிஞ்சோணும்."

இதுதான் அவருடைய வேலை முறை. எந்தச் சிக்கலாக இருந்தாலும், அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போவார். கழற்றிய பிறகும் சிக்கல் இருந்தால், கழற்றினதற்குச் சம்பந்தமில்லை. இப்படியே போய், இதற்கு மேல் கழற்ற ஒன்றுமில்லை என்ற இடத்தில் நிற்பார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. பாடுபட்டு அடித்ததை நம் கையாலேயே அழிக்கத்தான் மனசு வராது. நான் ஒரு ஊரை அழிக்கத் தயங்கினால் அவர் பொறுமையாக, "நெசத்துல ஊரு அங்கயேதானுங்க இருக்குது" என்பார்.

பத்து ஊர் ஐந்தாயிற்று. ஐந்து மூன்றாயிற்று. சைபர் பத்து இன்னும் காணவில்லை. பாதையையே எடுத்துவிட்டு இரண்டே ஊர்களை வைத்தோம். அப்போதும் இல்லை. காப்பி ஆறிப் போயிருந்தது. எனக்கு ஃபேக்டரி மறந்து, மேனேஜர் மறந்து, உள்ளே ஒளிந்திருப்பது என்னதான் என்று பார்க்கிற ஆசை மட்டும் இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றார் அக்கா. "அந்த எண்ணை மட்டும் அடிங்க."

010 என்று அடித்து என்டர் தட்டினேன்.

திரையில் 8 என்று வந்தது.

அக்கா மறுபடி அடித்துப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் 8. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகள் ஒளிந்திருக்கிறவனைக் கண்டுபிடித்ததும் சிரிக்கிற சிரிப்பு. "ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கையில் தோசைக் கரண்டியோடு வந்து பார்த்தார்.

"பத்துன்னு போட்டா எட்டுன்னு வருதா? எங்க ஆபீஸ்ல செஞ்ச மெஷினாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தோசை கருகுவதற்குள் போய்விட்டார்.

அக்கா எனக்கு விளக்கினார். கம்ப்யூட்டரை ஆரம்பத்தில் கட்டியவர்கள், பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணுகிற ஒரு கணக்கையும் வைத்திருந்தார்களாம். அதற்கு அடையாளமாக எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போடுவார்களாம். அந்தக் கணக்கில் ஏழுக்கு அடுத்து வருகிற எட்டை 10 என்று எழுதுவார்கள். 8, 9 என்ற இலக்கங்களே அதில் கிடையாது.

"அதனாலதான் சைபர் எட்டையும் சைபர் ஒம்பதையும் பாத்து அது கத்துச்சு. அப்பவே அது உண்மையச் சொல்லியிருக்குதுங்க. நீங்க பூஜ்யத்தை எடுத்து வாயடைச்சுட்டீங்க. அப்புறம் பத்தையும் எட்டுன்னு எடுத்து, ரெண்டு ஊரையும் ஒண்ணாக்கிருச்சு." சொல்லிவிட்டு உடனே கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எதுக்குங்க முன்னாடி பூஜ்யம் போடறீங்க?"

சாக்குக் கதையைச் சொன்னேன். மெஷினைப் பார்த்துச் சிரித்ததைவிட அதிகமாக இதற்கு மகிழ்ந்துபோனார். யார் முதலில் போட்டது, பெயின்ட் எங்கே வாங்குவார்கள், பூஜ்யத்துக்கு முன்னாலும் யாராவது கோடு இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்த நேரம். "அப்ப சாக்குல இருக்கற பூஜ்யத்தை எல்லாம் அழிச்சுரச் சொல்லு" என்றார் முதலில். பிறகு யோசித்து, "லாரிய மட்டும் இப்பப் போற மாதிரியே விட்டுரு. அந்த மலை ஏறி, மேல திரும்பி இறங்கறதுக்குத்தான் டீசல் குடிக்குது. கணக்கு தப்பா இருந்தாலும் மிச்சம் மிச்சம்தானே" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். சாக்கு விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சாக்கை எதுக்குங்க தொடோணும்? அவுங்க பூஜ்யம் போடறதுக்கு ஒரு காரணம் இருக்குது. நீங்க மெஷினுக்குள்ள போடறப்ப எடுத்துட்டுப் போடுங்க. அது உங்க வேலை." கொஞ்சம் நிதானித்து, "மேனேஜருக்கு என்ன வேணும்?" என்றார்.

"லாரி மலை ஏறக் கூடாதுங்க."

"ஊர்க்காரங்களுக்கு என்ன வேணும்?"

"லாரி வேணுமுங்க."

"எது வரைக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. லாரி எப்போதும் உச்சியில் இருக்கிற கோயில் மைதானம் வரை போய்த்தான் திரும்பும். யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

"கேக்காம எப்படிங்க சின்னதாக்கறது?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போய், மேலே நடந்தோம். வீட்டுக்காரர் வழியெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்த நாப்பது வயசுல ஒரு பூஜ்யத்துக்காக மலை ஏற வெச்சுட்டீங்களே தம்பி" என்று என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். கீழ் வழியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் அக்கா நின்று, கழுவாமல் விற்றால் என்ன ஆகும் என்று விசாரித்ததில் தாமதமானது வேறு.

தொப்பிக்காரர் எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். இலையையே வாங்க மாட்டோம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். சுற்றியிருந்த செடிகள் பறிக்காமல் உயர்ந்து நின்றன.

அக்கா அவரிடம் நேராகக் கேட்டார். "ஏனுங்க, லாரி எது வரைக்கும் வந்தா உங்களுக்குப் போதும்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "மேல வரைக்கும் எதுக்குங்க? கீழ அந்த வளைவு வரைக்கும் வந்தாப் போதுமுங்க. அங்க வரைக்கும் இறக்கந்தான், நாங்க சுமந்துட்டு வந்தர்றோம். காலங்காலமா மேல வந்துட்டு இருந்துச்சு, நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

வளைவு, லாரி ஏற்கெனவே போகிற பாதையிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் அந்த வளைவைப் பத்தாவது ஊராக வைத்து, பூஜ்யங்களை எடுத்துவிட்டுப் பாதையைப் போட்டேன். மேனேஜர் கூடுதல் தூரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவுதானா? இதை அவனுக முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார். அவர்களை யாரும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் பாதையில் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு அது போதவில்லை. "மெஷின்ல வந்துருச்சு சரி, லாரி வந்துச்சுங்களா?" என்று கேட்டு, லாரி போகிற முதல் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். வளைவில் பனி இறங்கியிருந்தது. சாக்குகளை அடுக்கி வைத்து ஊரே நின்றது. சாக்குகளின் மேல் கறுப்பில் 010.

காத்திருக்கும்போது தொப்பிக்காரர் கேட்டார். "ஏனுங்கம்மா, லாரி நின்னதுக்கு என்னதானுங்க காரணம்?"

"உங்க பத்தை அந்த மெஷின் எட்டுன்னு நெனச்சுருச்சுங்க."

அவர் கீழே கையைக் காட்டினார். "எட்டு கீழதானுங்க இருக்குது" என்றார். "ஒருக்கா வந்து பாத்திருந்தா அதுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அதேதானுங்க" என்றார் அக்கா. அந்த நேரத்தில் கீழே ஹாரன் கேட்டது. அவர் அப்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இவ்வளவு விசாரித்து, இவ்வளவு கழற்றிப் போட்ட மனுஷிக்கு உள்ளுக்குள் அவ்வளவு பதைப்பு இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவர் மடற்குழுவில் ஒரு கோரிக்கை வைத்தார். முன்னால் பூஜ்யம் இருந்தாலும் பத்தைப் பத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. பெரிய சண்டை நடந்தது. பூஜ்யம் போட்டு எண்ணை யார் எழுதுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். 'எங்கள் மலையில் எழுதுகிறார்கள்' என்று அக்கா பதில் எழுதினார். அந்தச் சண்டை முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. வடக்கே எங்கோ போனார்கள். தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் பூப்போட்ட உறையோடு லாரி ஏறியதைப் பார்த்தேன். நானும் கொஞ்ச காலத்தில் ஃபேக்டரியை விட்டுக் கோயமுத்தூர் வந்துவிட்டேன். ஆரம்பத்தில் கடிதங்கள் போய்வந்தன. அப்புறம் வழக்கம்போல நின்றுபோயின.

போன வருஷம் வேறு ஒரு வேலைக்காக அதே மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டேன். கை சும்மா இருக்கவில்லை. 010 என்று அடித்தேன். 10 என்று வந்தது. இன்னொரு தடவை அடித்தேன். 10 தான். அவர் ஜெயித்தாரா, இல்லை வேறு யாராவது வேறு காரணத்துக்காக மாற்றினார்களா, தெரியாது. அக்காவின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கே எழுதினேன். வணக்கம் போடவில்லை.

'செய்தது: 010 என்று அடித்தேன். எதிர்பார்த்தது: 8. வந்தது: 10.'

பதில் வராது என்றுதான் நினைத்தேன். அன்றைக்கே வந்தது. மூன்றே வார்த்தை.

'லாரி இன்னும் வருதுங்களா?'

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போயே பல வருஷமாயிற்று. வரும் என்று நினைக்கிறேன் என்று எழுதலாம். ஆனால் நினைப்பதை எழுதினால் அவரிடம் செல்லாது. சனிக்கிழமை ஊட்டி பஸ் ஏறி, அங்கிருந்து இத்தலார் பஸ் பிடித்து, மறுநாள் காலையில் அந்த வளைவில் போய் நின்றேன். தொப்பிக்காரர் இல்லை. அவருடைய மனைவி இருந்தார், நரைத்துப்போய். என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் சாக்குகள் இருந்தன. முன்பைவிடக் குறைவுதான். எல்லாவற்றிலும் பூஜ்யம் இருந்தது.

போனில் அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன்.

'செய்தது: வளைவில் காத்திருந்தேன். எதிர்பார்த்தது: லாரி. வந்தது: லாரி. கொஞ்சம் தாமதமாக.'